ஒரே இன்ஜின், இரண்டு கம்பெனி: மாதிரி ரயில் வியாபாரம் நமக்குச் சொல்லும் கணக்கு



ஒரே வகைச் சோப்பை இரண்டு கம்பெனிகள் ஒரே மாதத்தில் இறக்கினால் என்ன நடக்கும் என்பது நம் கடைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஏஜென்ட்டுகளும் ஒரே வாரத்தில் வந்து நிற்பார்கள். இரண்டு பேரும் ஸ்கீம் சொல்வார்கள். "பத்துப் பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம்" என்பார் ஒருவர். "பக்கத்துக் கடையில் இருபது பெட்டி எடுத்துவிட்டார்கள்" என்பார் மற்றவர். மூன்று மாதம் கழித்து ஒரு சரக்கு ஓடும், மற்றொன்று பரணில் தூங்கும். பரணில் தூங்குவது யார் பணம் என்பதுதான் கேள்வி.

இதே கேள்வி நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு வியாபாரத்தில் மிகத் தெளிவாக வெளிப்பட்டிருக்கிறது. அது இங்கிலாந்தின் மாதிரி ரயில் வியாபாரம். சந்தை சிறியது, சரக்கு விலை கூடியது, வாங்குவோர் விவரம் அறிந்தவர்கள். அதனால் நம் வியாபாரத்தில் கூட்டத்தில் மறைந்து போகும் கணக்குகள் அங்கே வெட்டவெளிச்சமாகத் தெரிகின்றன.

இது குழந்தை விளையாட்டு அல்ல

மாதிரி ரயில் என்றவுடன் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையை நினைக்க வேண்டாம். உண்மையான இன்ஜினை அளந்து, படம் எடுத்து, 76-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வது இது. இங்கிலாந்தில் இந்த அளவுக்கு 'ஓஓ' என்று பெயர். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். உள்ளே மின் மோட்டார், பல்சக்கரம், விளக்குகள், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். கைப்பிடிக் கம்பி ஓர் இழை தடிமனாக இருந்தாலும் குறை சொல்கிறவர்கள்.

இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களுக்காக, ஒரே டீசல் இன்ஜினை இரண்டு மூன்று கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வெளியிடுகின்றன. அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 'கிளாஸ் 66' என்னும் சரக்கு ரயில் இன்ஜின்.

ஓர் இன்ஜின், பல வண்ணம்

பிரிட்டிஷ் ரயில்வேயின் சரக்குப் போக்குவரத்து தனியாருக்குப் போன பிறகு, இ.டபிள்யூ.எஸ். என்ற நிறுவனம் 1996-ல் ஒரே ஆர்டரில் 250 இன்ஜின்கள் கேட்டது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கனடா தொழிற்சாலையில் இவற்றைச் செய்து, 1998 முதல் கப்பலில் அனுப்பியது. சுமார் 3,200 குதிரைத்திறன், மணிக்கு 75 மைல் வேகம். நம் பொன்மலை ஷெட்டில் நிற்கும் டபிள்யூ.டி.ஜி.4 சரக்கு இன்ஜினில் உள்ள '710' வகை எந்திரத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதன் எந்திரமும். நம்முடையதில் 16 சிலிண்டர், அங்கே 12 சிலிண்டர்.

இந்த இன்ஜின் நன்றாக உழைத்ததால் மற்ற நிறுவனங்களும் வாங்கின. ஃப்ரெய்ட்லைனர் பச்சையும் மஞ்சளுமாக ஓட்டியது. ஜி.பி.ரெய்ல்ஃப்ரெய்ட் நீலமும் ஆரஞ்சும் பூசியது. கோலாஸ் மஞ்சளும் ஆரஞ்சும் பூசியது. இ.டபிள்யூ.எஸ்.ஸைப் பின்னர் ஜெர்மன் ரயில்வே வாங்கியபோது அதன் சிவப்பு வந்தது. பிரிட்டனுக்காகச் செய்த வரிசையில் கடைசியாக 2016-ல் அறிமுகமான 66779 எண் இன்ஜினுக்குப் பழைய நீராவி இன்ஜின் போலப் பச்சை வண்ணம் பூசி 'ஈவினிங் ஸ்டார்' என்று பெயரிட்டார்கள்.

மாதிரி செய்கிற கம்பெனிக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று பாருங்கள். உடல் ஒன்றுதான், சட்டை மட்டும் வேறு. ஒரே எண்ணெயை ஆறு லேபிளில் அடைத்து விற்பது போல, ஒரே அச்சில் வார்த்து, வண்ணத்தையும் எண்ணையும் மாற்றி ஆண்டுக்கணக்கில் விற்கலாம். ஒரே வாடிக்கையாளரே மூன்று நான்கு வாங்குவார்.

வாய்ப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது. அங்கேதான் போட்டி தொடங்கியது.

மூன்று பேர் களத்தில்

முதலில் வந்தது இத்தாலியின் லீமா கம்பெனி. அதன் சரக்கு எளிமையானது, விலை குறைவு. லீமா 2004-ல் நொடித்தது. அதன் அச்சுகளை இங்கிலாந்தின் பழம்பெரும் கம்பெனியான ஹார்ன்பி வாங்கியது. அந்த அச்சில் வார்த்த இன்ஜினைத் தன் மலிவு ரகமான 'ரெய்ல்ரோடு' வரிசையில் ஹார்ன்பி விற்றது.

இரண்டாவது பாக்மன். 2000-களின் நடுவில் புதிய அச்சு செய்து, நுட்பம் கூடிய கிளாஸ் 66-ஐக் கொண்டு வந்தது. பல ஆண்டுகள் நடுத்தர, உயர் ரகம் இரண்டுக்கும் இதுவே சரக்காக இருந்தது.

மூன்றாவதாக வந்தது ஹாட்டன்ஸ். இது கம்பெனி அல்ல, கடை. நார்மன் ஹாட்டன் என்பவர் 1946-ல் லிவர்பூலில் தொடங்கிய மாதிரி ரயில் கடை. தபால் மூலமும் பின்னர் இணையம் மூலமும் உலகெங்கும் விற்றுப் பெயர் எடுத்தது. பாக்மன் சரக்கையும் ஹார்ன்பி சரக்கையும் ஆண்டாண்டாக விற்று வந்த அதே கடை, சொந்தமாக அச்சு செய்து 2020-ல் தன் பெயரில் கிளாஸ் 66-ஐ இறக்கியது. வெவ்வேறு ஆண்டுகளில் கட்டிய அசல் இன்ஜின்களில் எரிபொருள் தொட்டி, கதவு, விளக்கு போன்றவை மாறியிருக்கும். அந்த வேறுபாடுகளைக் காட்டும்படி அச்சு செய்தது இதன் சிறப்பு.

ஆக, ஓஓ அளவில் மட்டும் ஒரே இன்ஜினுக்கு மூன்று ரகம். இதைவிடச் சிறிய 'என்' அளவில் கிரஹாம் ஃபாரிஷ், டாப்போல் என்ற இரண்டு பெயர்களிலும் இதே இன்ஜின் வந்தது. 2020-களின் தொடக்கத்தில் 'கிளாஸ் 37' என்ற பழைய டீசலுக்கும் இதே கதை நடந்தது. பாக்மன் புதிய அச்சில் அதைக் கொண்டு வந்த அதே காலத்தில், அயர்லாந்தில் தோன்றிய அக்யூராஸ்கேல் கம்பெனியும் அதையே கொண்டு வந்தது.

ஏன் எல்லோரும் ஒன்றையே செய்கிறார்கள்?

செய்யாத இன்ஜின் எவ்வளவோ இருக்க, ஏற்கெனவே ஒருவர் செய்வதையே மற்றவரும் செய்வானேன்? காரணங்கள் மூன்று.

முதலாவது, விற்பனை உறுதி. எந்த ஊரிலும் ஓடும் இன்ஜின் என்றால் எல்லா வாடிக்கையாளரும் வாங்குவார். ஒரே ஒரு தடத்தில் ஓடிய அபூர்வ இன்ஜினை ஒரு சிலரே கேட்பார்கள்.

இரண்டாவது, அச்சு பழசாகிறது. பதினைந்து ஆண்டுக்கு முன் நல்லதாகத் தெரிந்த சரக்கு இன்று மட்டமாகத் தெரியும். பழைய சரக்கை வைத்திருக்கும் கம்பெனி அதைப் புதுப்பிக்கத் தாமதித்தால் இன்னொருவர் உள்ளே நுழைவார்.

மூன்றாவது, ரகசியம். ஒரு மாதிரி இன்ஜினைத் திட்டமிட்டு, வரைபடம் போட்டு, அச்சு வெட்டி, சீனாவில் வார்த்து, கப்பலில் ஏற்றி இறக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். முன்கூட்டியே சொன்னால் போட்டியாளர் விழித்துக்கொள்வார். சொல்லாமல் இருந்தால், அவரும் சொல்லாமல் அதையே செய்துகொண்டிருக்கக்கூடும். இரண்டு பேரும் பணத்தைப் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வரும். அப்போது பின்வாங்குவதும் நஷ்டம், தொடர்வதும் சந்தேகம்.

இதனால்தான் பாக்மன் 2021 முதல் தன் முறையை மாற்றியது. ஓர் ஆண்டுக்கு முன்பே பட்டியல் போடுவதை விட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தக் காலாண்டில் கடைக்கு வரப்போகும் சரக்கை மட்டும் அறிவிக்கத் தொடங்கியது. கடைக்காரருக்கும் இது நல்லதுதான். வராத சரக்குக்கு ஆண்டுக்கணக்கில் ஆர்டர் பிடித்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் பதில் சொல்லும் தொல்லை குறைகிறது.

அச்சுக் கணக்கு

இந்தத் தொழிலில் பெரிய முதலீடு அச்சுதான். பிளாஸ்டிக் வார்க்கும் தொழிலில் உள்ள நம் உறுப்பினர்கள் இதை 'டை' என்பார்கள். எஃகில் வெட்டிய அச்சு. ஒன்று வார்த்தாலும் அதே செலவு, ஒரு லட்சம் வார்த்தாலும் அதே செலவு.

கணக்கு புரிவதற்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். அச்சுக்கு ஒரு கோடி ரூபாய் என்றால், 10,000 இன்ஜின் விற்கும்போது ஒவ்வொன்றின் தலையிலும் 1,000 ரூபாய் விழும். போட்டியாளர் வந்து விற்பனை 5,000 ஆகக் குறைந்தால் தலைக்கு 2,000 ரூபாய். போட்டி வந்தால் விலை குறையும் என்பது பொது விதி. இங்கே போட்டி வந்தால் அடக்க விலை கூடுகிறது. விலையைக் குறைத்து விற்றால் அச்சுப் பணம் தேறாது. கூட்டி விற்றால் சரக்கு நகராது.

ஆகவே இரண்டு கம்பெனிகளும் விலையில் மோதுவதைவிட ஆர்டர் புத்தகத்தில்தான் மோதுகின்றன. யார் முதலில் முன்பதிவு பிடிக்கிறார்களோ அவர்கள் அச்சுப் பணத்தை எடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் ஒருவர் ஓர் இன்ஜினுக்குப் பெயர் கொடுத்துவிட்டால், அதே வண்ணத்தில் இன்னொன்று வாங்குவது அரிது.

கடைக்காரர் தலையில் விழும் பாரம்

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். இந்தச் சரக்கு நம் பிஸ்கெட் போல வாரா வாரம் வராது. ஒரு தவணைக்கு இத்தனை என்று தொழிற்சாலை வார்க்கும். அது முடிந்தால் அடுத்த தவணைக்கு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் கடைக்காரர் கூடுதலாக ஆர்டர் கொடுக்கிறார்.

ஒரு கடையில் கொள்முதல் விலை 100, விற்பனை விலை 125 என்று வைத்துக்கொள்வோம். அந்த இன்ஜினை வாங்கக்கூடிய வாடிக்கையாளர் மொத்தம் 24 பேர். கடைக்காரர் இரண்டு ஏஜென்ட்டுகளையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல் ஆளுக்கு 20 எடுக்கிறார். மொத்தம் 40. விற்பது 24, லாபம் 600. மீதம் 16 முடங்குகிறது. அதில் கிடக்கும் பணம் 1,600. கடைசியில் ஒன்று 70 வீதம் தள்ளிவிட்டால் நஷ்டம் 480. கையில் நிற்கும் லாபம் 120 மட்டுமே. வாடகையும் வட்டியும் இன்னும் கழிக்கவில்லை.

அதே கடைக்காரர் ஒருவரிடம் 12, மற்றவரிடம் 10 என்று 22 மட்டும் எடுத்திருந்தால், இரண்டு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் லாபம் 550. முதலீடும் பாதியளவுதான்.

இல்லை என்று சொல்லக் கடைக்காரருக்கு மனம் வராது. ஆனால் இரண்டு பேருக்கு இல்லை என்று சொல்வதால் போகும் 50 ரூபாயை, பதினாறு பெட்டி பரணில் கிடப்பதால் போகும் 480 ரூபாயோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் எம்.ஆர்.பி. போல உச்ச விலையை அச்சடிக்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. கம்பெனி சொல்வது பரிந்துரை விலை மட்டுமே. அதற்குக் குறைத்து விற்கக் கூடாது என்று கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவும் அங்குள்ள போட்டிச் சட்டம் இடம் தராது. எனவே பெரிய கடை ஒன்று தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விட்டால், சிறிய கடையில் இருக்கும் சரக்கின் மதிப்பும் அன்றே இறங்கிவிடும்.

கடையே கம்பெனியானால்?

ஹாட்டன்ஸ் செய்தது நம்மில் பலருக்கு உள்ள ஆசைதான். "கம்பெனிக்காரன் கொடுக்கும் கமிஷனில் எத்தனை நாள் ஓட்டுவது? நாமே சொந்தப் பெயரில் மசாலாப் பொடி போட்டால் என்ன?" என்று கேட்காத மளிகைக் கடைக்காரர் உண்டா?

ஹாட்டன்ஸின் சரக்கு தரமானது. அந்த இன்ஜினை வாங்கியவர்கள் மெச்சினார்கள். இருந்தும் 2024 ஜனவரியில், 78 ஆண்டு நிலைத்த அந்தக் கடை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஒரு தனிச் சரக்கின் பெயரால் ஒரு கடையின் முடிவைக் கணித்துவிட முடியாது. ஆனால் ஒரு விஷயம் வெளிப்படை. கடைக்காரராக இருக்கும் வரை, ஓடாத சரக்கை அடுத்த முறை எடுக்காமல் விடலாம். உற்பத்தியாளராகிவிட்டால் அந்த வசதி போய்விடுகிறது. அச்சுப் பணமும் நம்முடையது, தேக்கமும் நம்முடையது.

இதன் அடுத்த பகுதியும் கவனிக்கத்தக்கது. ஹாட்டன்ஸின் கிளாஸ் 66 அச்சுகளை அக்யூராஸ்கேல் வாங்கிக்கொண்டது. கடை போய்விட்டது, அச்சு நின்றது. லீமா போனது, அதன் அச்சு ஹார்ன்பியிடம் நின்றது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 'எஸ்.டி.70ஏ.சி.இ.' என்ற நவீன டீசல் இன்ஜினை ஏதர்ன், எம்.டி.எச். என்ற இரண்டு கம்பெனிகளும் போட்டியாகச் செய்தன. எம்.டி.எச். உரிமையாளர் 2020-ல் ஓய்வு பெறுவதாக அறிவித்தபோது, 87-ல் ஒரு பங்கான 'எச்ஓ' அளவு அச்சுகள் ஸ்கேல்டிரெய்ன்ஸ் என்ற இளைய கம்பெனிக்குப் போயின.

நம் கடையில் அச்சு இல்லை. ஆனால் நாளை கடையைக் கைமாற்ற நேர்ந்தால் எதற்கு விலை கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். பரணில் உள்ள சரக்குக்குக் கிடைக்காது. இடத்துக்கும், நல்ல பெயருக்கும், ஒழுங்காக எழுதிய வாடிக்கையாளர் கணக்குக்கும் கிடைக்கும்.

சப்ளையரின் முதலாளி யார்?

ஹார்ன்பி தன் உற்பத்தியை 1990-களில் சீனாவுக்கு மாற்றியது. சாண்டா கான் என்ற தொழிற்சாலையே அதன் பெரும்பான்மைச் சரக்கைச் செய்து கொடுத்தது. 2008-ல் அந்தத் தொழிற்சாலையை ஹாங்காங்கின் காடர் நிறுவனம் வாங்கியது. காடர்தான் பாக்மனின் சொந்தக்காரர். அதாவது ஹார்ன்பியின் சரக்கைச் செய்கிற கை, ஒரே நாளில் அதன் நேர் போட்டியாளர் குடும்பத்துக்குப் போய்விட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஹார்ன்பிக்குச் சரக்கு வரத்தில் கடும் தடங்கல் ஏற்பட்டது. வேறு பல தொழிற்சாலைகளைத் தேடிப் பிடித்து மாற வேண்டியதாயிற்று. இடையில் ஹார்ன்பியை மட்டும் நம்பியிருந்த சிறிய கடைகளின் அலமாரி காலியானது.

ஒரே மண்டியில் கொள்முதல் செய்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ரகம் பிரித்து விற்றல்

போட்டியைத் தாங்க அமெரிக்காவின் ஸ்கேல்டிரெய்ன்ஸ் இன்னொரு வழியைக் கையாண்டது. 2015-ல் தொடங்கிய இந்தக் கம்பெனி தன் சரக்கை மூன்று ரகமாகப் பிரித்தது. ஓட்டி மகிழ மட்டும் நினைப்பவருக்கு 'ஆப்பரேட்டர்'. ஒவ்வொரு ஆணியையும் எண்ணிப் பார்ப்பவருக்கு 'ரிவெட் கவுன்டர்'. அதற்கும் மேலே 'மியூசியம் குவாலிட்டி'. பெயரைக் கேட்டதுமே எது தனக்கானது என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும்.

அரிசிக் கடையில் நாம் செய்வதும் இதுதான். இட்லிக்கு ஒரு ரகம், சாப்பாட்டுக்கு ஒரு ரகம், விருந்துக்கு ஒரு ரகம். ஒரே ரகத்தில் இரண்டு பெயர்களை அடுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். வெவ்வேறு ரகத்தில் ஒவ்வொரு பெயர் வைத்தால் இரண்டும் ஓடும். கிளாஸ் 66 விற்ற கடைகளிலும் ஹார்ன்பியின் மலிவு ரகம் சிறுவர்களுக்கும், விலை கூடிய ரகம் பெரியவர்களுக்கும் என்று போட்டியில்லாமல் போயின. மோதிக்கொண்டவை மேல் ரகத்தில் நின்ற இரண்டும்தான்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. புதுச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன், அதே போன்ற சரக்கு வேறு கம்பெனியில் வருகிறதா என்று மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

2. இரண்டும் வந்தால், மொத்த வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பதை முதலில் எழுதுங்கள். ஆர்டரை அதற்குள் பிரியுங்கள். தனித்தனியாக எண்ணாதீர்கள்.

3. விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளில், பணமாகவா கிரெடிட் நோட்டாகவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஸ்கீமில் கிடைக்கும் ஒரு பெட்டியைவிட இது மேல்.

4. சரக்கு வரும் தேதியைக் கேளுங்கள். பொங்கலுக்கு வரவேண்டியது சித்திரையில் வந்தால் அது புதுச் சரக்கு அல்ல.

5. இரண்டு சரக்கும் ஒரே ரகமா, வெவ்வேறு ரகமா என்று பாருங்கள். ஒரே ரகமானால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

6. சொந்தப் பெயரில் பொருள் போட நினைப்பவர்கள், அந்தப் பொருள் ஓராண்டு விற்காமல் போனாலும் கடை நடக்குமா என்று கணக்குப் பார்த்த பிறகே இறங்குங்கள்.

இரண்டு கம்பெனிகள் போட்டியிடும்போது வாடிக்கையாளருக்கு நல்ல சரக்கு கிடைக்கிறது. கிளாஸ் 66 மாதிரி இன்ஜின் இருபது ஆண்டுகளில் கண்ட முன்னேற்றமே சாட்சி. அந்தப் போட்டியை நாம் வரவேற்கலாம். ஆனால் அதற்கான செலவைக் கம்பெனிகள்தான் ஏற்க வேண்டும். நம் கல்லாப் பெட்டி அல்ல. ஆர்டர் புத்தகம் நம் கையில் இருக்கும்வரை அதை முடிவு செய்கிறவர்களும் நாமே.